லோயிஸ் லவ்ரியின் 'தி கிவர்': ஒரு வாசகரின் கேள்வி–பதில் பக்கம்

இது எந்த நாவல்? கதை எதைப் பற்றியது?

அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லவ்ரி 1993இல் வெளியிட்ட இளையோர் அறிவியல் புனைகதை இது. அமெரிக்கச் சிறார் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கத்தை 1994இல் பெற்றது. 23 அத்தியாயங்கள் கொண்ட சிறிய நூல்தான். ஓரிரு அமர்வுகளில் படித்து முடித்துவிடலாம்.

பசி, போர், பொறாமை, வேலையின்மை என எதுவும் இல்லாத, பெயர் சொல்லப்படாத ஒரு சமூகத்தில் ஜோனாஸ் என்ற 11 வயதுச் சிறுவன் வாழ்கிறான். அங்கே 12 வயதை எட்டும் ஒவ்வொருவருக்கும் உரிய பணியை மூத்தோர் குழு தேர்ந்தெடுத்து, விழா மேடையில் அறிவிக்கும். ஜோனாஸுக்குக் கிடைப்பது 'நினைவுகளைப் பெறுபவர்' என்ற பொறுப்பு. அந்தச் சமூகத்தில் அதை ஒரே ஒருவர்தான் வகிக்க முடியும். மனிதகுலம் கடந்துவந்த காலத்தின் நினைவுகள் முழுவதையும் தனியொருவராகச் சுமந்துவந்த முதியவர், தம் கைகளை அவன் முதுகில் வைத்து அவற்றை ஒவ்வொன்றாக அவனுக்குக் கடத்துகிறார். பனிச்சரிவும் வெயிலும் அவனுக்கு அறிமுகமாகின்றன. பின்னர் எலும்புமுறிவும் போர்க்களமும். தன் சமூகம் எவற்றையெல்லாம் விட்டுக்கொடுத்து அமைதியை வாங்கியிருக்கிறது என்பதை அவன் அறிந்துகொள்வதும், அறிந்த பிறகு அங்கே இருக்க முடியாமல் போவதும்தான் கதை.

முக்கியத் திருப்பங்கள் இங்கே வெளிப்பட்டுவிடுமா?

ஆம், முடிவு உட்பட அனைத்தும் வெளிப்படும். நூலை இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வருவது நல்லது. இந்த நாவலின் வலிமையில் பெரும்பகுதி, எந்தத் தகவலை எப்போது சொல்வது என்று ஆசிரியர் செய்துகொண்ட கணக்கில் இருக்கிறது.

விண்கலமும் இயந்திர மனிதனும் இல்லாத இதை அறிவியல் புனைகதை என்று எப்படிச் சொல்வது?

அறிவியல் புனைகதை என்றவுடன் கருவிகளைத் தேடுபவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். தட்பவெப்பம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, குன்றுகள் சமன்செய்யப்பட்டிருக்கின்றன, ஒவ்வொரு வீட்டிலும் அணைக்க முடியாத ஒலிபெருக்கி இருக்கிறது, பருவ வயதின் உணர்ச்சிகளை அடக்க அன்றாடம் மாத்திரை உண்டு. நிறமே தெரியாத நிலைக்கு மனிதர்களின் பார்வை மாற்றப்பட்டிருக்கிறது. இவை எப்படிச் செய்யப்பட்டன என்பதற்கு ஆசிரியர் ஒரு பத்திகூட ஒதுக்கவில்லை.

ஆயினும், ஒரு சமூகம் தன் நினைவையும் தெரிவுரிமையையும் ஒரு நிர்வாக ஏற்பாடாக ஒப்படைத்துவிட்டால் என்ன நடக்கும் என்ற கற்பனைக் கேள்வியை எடுத்துக்கொண்டு, அதன் விளைவுகளைக் குடும்பம், உணவு, படுக்கையறை, பள்ளிக்கூடம் வரை விடாமல் பின்தொடர்வது அறிவியல் புனைகதையின் வேலைதான். நினைவுகளைத் தொட்டுக் கடத்துவது மட்டும் மாயக்கதையின் எல்லைக்குள் போகிறது. பெறுபவர் இறந்தாலோ ஊரெல்லையைத் தாண்டிப் போனாலோ அந்நினைவுகள் தாமாகவே மக்களிடம் திரும்பிவிடும் என்ற விதிக்கு எந்தப் பௌதிகமும் இல்லை. அதை ஒரு நிபந்தனையாக ஏற்றுக்கொண்டு மேலே படிக்க இயலாதவர்களுக்கு இந்த நூல் ஒத்துவராது, நான் ஏற்றுக்கொண்டேன்.

அந்தச் சமூகத்தின் விதிகளில் உங்களை அதிகம் ஈர்த்தவை எவை?

வயதுவாரியாக அடுக்கப்பட்ட சின்னச் சின்ன விதிகள்தான். ஒவ்வொரு டிசம்பரிலும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் வயது கூடுகிறது. தனித்தனிப் பிறந்தநாள் கிடையாது. நான்கு, ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளின் மேற்சட்டைக்குப் பொத்தான்கள் முதுகுப்புறத்தில் இருக்கும். ஒருவருக்கொருவர் உதவினால்தான் போட்டுக்கொள்ள முடியும். ஏழு வயதில் பொத்தான்கள் முன்புறம் வரும். எட்டு வயதில் சட்டைப்பை கிடைக்கும், அதுவரை அணைத்துக்கொண்டு தூங்கிய பொம்மை திரும்பப் பெறப்படும். ஒன்பது வயதில் மிதிவண்டி கிடைக்கும், பெண்குழந்தைகளின் தலைமுடி ரிப்பன்கள் நீங்கும்.

எதுவுமே கொடுமையாகத் தெரிவதில்லை என்பதைக் கவனியுங்கள். முதுகுப்பொத்தான் சட்டை பிறரைச் சார்ந்திருக்கக் கற்பிக்கிறது என்று அவர்கள் சொல்லும்போது, நாமும் ஒரு கணம் தலையாட்டிவிடுகிறோம். ஒரு வீட்டுக்கு ஓர் ஆண்குழந்தை, ஒரு பெண்குழந்தை. இரண்டும் விண்ணப்பித்துப் பெறப்படுபவை. ஈன்றெடுப்பது தனியொரு பணி, மூன்று மகப்பேறுகளுக்குப் பிறகு அந்தப் பெண்கள் உடலுழைப்புக்கு அனுப்பப்படுவார்கள் என்பதெல்லாம் பக்கவாட்டில் விழும் உரையாடல்களில் தெரியவரும்போதுதான், நாம் எதற்குத் தலையாட்டினோம் என்பது உறைக்கிறது. மாலை உணவுக்குப் பிறகு குடும்பத்தினர் தம் உணர்ச்சிகளைப் பகிர்வதும், காலையில் கனவுகளைச் சொல்வதும்கூடக் கட்டாயச் சடங்குகள். பாசத்தின் வடிவத்தில் நடக்கும் கண்காணிப்பு அது என்பதைப் பெற்றோரே அறியமாட்டார்கள்.

முதல் பாதியில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சிலர் சொல்கிறார்களே?

வெளிப்படையான மோதல் எதுவும் நடக்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஆசிரியர் அந்தப் பகுதியில் ஒரு பெரிய வேலையைச் செய்துமுடிக்கிறார்: நம் கண்ணைக் கட்டிவிடுகிறார். ஜோனாஸும் அவன் நண்பன் ஆஷரும் ஓர் ஆப்பிளை ஒருவருக்கொருவர் வீசிப் பிடித்து விளையாடுகிறார்கள். அது காற்றில் செல்லும்போது, கண்ணிமைக்கும் நேரத்துக்கு, 'மாறுவதாக' ஜோனாஸுக்குத் தோன்றுகிறது. வடிவம் அப்படியே இருக்கிறது, அளவும் மாறவில்லை. அவன் அந்தப் பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கிறான். அங்கும் எதுவும் பிடிபடவில்லை. உணவை வீட்டுக்கு எடுத்துச் சென்றதற்காக, பெயர் சொல்லாமல், ஆனால் அவனுக்குப் புரியும்படி, ஒலிபெருக்கியில் கண்டிப்பு வருகிறது. அவன் வெட்கப்படுகிறான், விஷயம் அத்துடன் முடிகிறது.

12ஆம் அத்தியாயத்தில்தான் முதியவர் விளக்குகிறார்: அவன் கண்டது சிவப்பு நிறம். அந்த ஊரில் யாருக்கும் எந்த நிறமும் தெரியாது. அதுவரை வெளிறிய கண்கள், கருமையான கண்கள் என்ற வேறுபாட்டை மட்டும் சொல்லி ஆசிரியர் கதையை நகர்த்திவிட்டார் என்பதை, முன்பக்கங்களைத் திரும்பப் புரட்டும்போது காண்கிறோம். நாமாகவே புல்லுக்குப் பச்சையும் வானுக்கு நீலமும் பூசிக்கொண்டு படித்திருக்கிறோம். திரைப்படத்தாலோ படக்கதையாலோ இப்படி ஒரு காரியத்தை வாசகருக்குத் தெரியாமல் செய்யவே முடியாது. முதல் பாதி மெதுவாகப் போகிறது என்பவர்களிடம் நான் சுட்டிக்காட்டுவது இந்த இடத்தைத்தான்.

ஜோனாஸுக்குத் தரப்படும் எட்டு விதிகளைப் பற்றிப் பலரும் பேசுவது ஏன்?

பயிற்சி தொடங்கும் முன் அவனிடம் ஒற்றைத் தாள் ஒன்று தரப்படுகிறது. பள்ளி முடிந்ததும் நேரே பயிற்சிக்கு வரவேண்டும், முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகவேண்டும் என்று சாதாரணமாகத் தொடங்குகிறது. யாரிடமும் எந்தக் கேள்வியையும் கேட்கலாம் என்கிறது மூன்றாவது விதி. பயிற்சியால் உண்டாகும் வலிக்கு மருந்து கேட்கக்கூடாது என்கிறது ஆறாவது. 'விடுவிப்பு'க்கு (அந்த ஊரில் மரணத்துக்கு வழங்கும் பெயர்) விண்ணப்பிக்கக்கூடாது என்பது ஏழாவது. எட்டாவது மிகச் சிறியது: நீ பொய் சொல்லலாம்.

துல்லியமாகப் பேசவில்லை என்பதற்காகவே குழந்தைகள் பிரம்படி வாங்கும் ஊர் அது. ஆஷர் மூன்று வயதில் சொற்களைக் குழப்பிப் பேசியதற்காக அடிவாங்கி, சில காலம் பேசுவதையே நிறுத்திவிட்டான் என்பது வேடிக்கைச் செய்தி போல விழாவில் நினைவுகூரப்படுகிறது; கூட்டம் சிரிக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் இந்த விதியைப் படிக்கும் சிறுவன் அதிர்வது, தான் பொய் சொல்ல நேரிடுமே என்பதற்காக மட்டும் அல்ல. பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு வயதில் வந்த தாளில் இதே வரி இருந்திருந்தால்? யாரிடமாவது 'நீங்கள் பொய் சொல்வீர்களா' என்று கேட்கும் உரிமை இப்போது அவனுக்கு உண்டு. ஆனால் வரும் பதில் உண்மை என்று அறிய வழியில்லை. ஒரு சர்வாதிகாரத்தின் அடித்தளம் பெயர்வதை இவ்வளவு குறைந்த சொற்களில் காட்டிய வேறொரு பக்கம் சிறார் நாவல்களில் என் நினைவுக்கு வரவில்லை.

இந்தக் கதையில் வில்லன் யார்?

யாரும் இல்லை. இந்த நாவலைப் பற்றி நான் சொல்ல விரும்புவது முதன்மையாக இதுதான். இளையோருக்கான எதிர்காலக் கதைகளில் கொடுங்கோலனுக்கு ஒரு முகம் இருப்பது வழக்கம். அவன் வீழ்ந்தால் நியாயம் பிறக்கும். இங்கே தலைமை மூத்தவர் கனிவாகப் பேசுபவர், ஜோனாஸிடம் மரியாதை காட்டுபவர். காவலர்கள் யாரையும் துன்புறுத்துவதில்லை. இந்த ஊரில் கொலை செய்பவர், கதையிலேயே மிக அன்பான மனிதர், ஜோனாஸின் அப்பா.

அவர் பச்சிளங்குழந்தைகளைப் பராமரிக்கும் பணியில் இருப்பவர். எடை ஏறாமல், இரவில் உறங்காமல் அழும் கேப்ரியல் என்ற குழந்தைக்காக அனுமதி கேட்டு, அதை இரவுதோறும் வீட்டுக்கே தூக்கிவந்து வளர்க்கிறார். பெயர் சூட்டும் நாளுக்கு முன்பே, பட்டியலைத் திருட்டுத்தனமாகப் பார்த்து அதன் பெயரைத் தெரிந்துகொண்டதை ஒரு குழந்தையின் குறும்புடன் ஒப்புக்கொள்கிறார். நமக்கு அவரைப் பிடித்துப்போகிறது.

பிறகு இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. ஒரே மாதிரி இருவர் இருப்பது குழப்பம் என்பதால் எடை குறைந்த குழந்தையை 'விடுவிக்க' வேண்டும். அது அவர் பொறுப்பு. அந்தக் காலை நடந்ததன் பதிவை முதியவர் ஜோனாஸுக்குத் திரையில் காட்டுகிறார். அப்பா இரு குழந்தைகளையும் நிறுத்துப் பார்க்கிறார். கனமானவனைச் செவிலியிடம் கொடுக்கிறார். மற்றவனிடம் கொஞ்சுமொழியில் பேசிக்கொண்டே, நெற்றியின் மேற்புறம் துடிக்கும் மெல்லிய நரம்பில் ஊசியைச் செலுத்துகிறார். கை நரம்புகள் இன்னும் மிகச் சிறியவை என்று குழந்தைக்கே விளக்குகிறார். குழந்தை அழுகிறது, பிறகு கைகால்கள் துடித்து அடங்குகின்றன. அவர் உடலை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, சுவரிலுள்ள சிறு கதவைத் திறந்து, பள்ளியில் குப்பை போடும் துளையைப் போன்ற ஒன்றில் தள்ளிவிட்டு, விடைபெறும் குரலில் 'போய்வா' என்கிறார்.

அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை என்பதுதான் இங்கே தாங்க முடியாதது. அவர் எதையும் மறைக்கவில்லை. குற்றவுணர்வை அடக்கவும் இல்லை. மரணம் என்பது என்னவென்று உணரும் நினைவே அவரிடமிருந்து நீக்கப்பட்டிருக்கிறது. ஜோனாஸின் தோழி ஃபியோனா முதியோர் இல்லத்தில் இதே வேலையைக் கற்றுவருகிறாள், திறமையாகவும் செய்கிறாள் என்று முதியவர் அடுத்துச் சொல்வது அடிமேல் அடி. தீயவர்கள் தீமை செய்யும் கதையைப் படித்துவிட்டு நாம் நல்லவர்கள் பக்கம் நின்றுகொள்ளலாம். இங்கே நிற்பதற்கு அப்படி ஓர் இடம் கிடைப்பதில்லை.

அளிப்பவர் என்ற அந்த முதியவர் குற்றமற்றவரா?

இல்லை என்றே கருதுகிறேன். நாவல் இதை இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டிருக்கலாம். ஊரில் உண்மை தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். ஆயிரக்கணக்கான நூல்கள் அவர் அறையில் இருக்கின்றன; ஒலிபெருக்கியை அணைக்கும் உரிமை அவருக்கு மட்டும் உண்டு; மூத்தோர் குழு அவரிடம் ஆலோசனை கேட்கிறது. இத்தனை இருந்தும் பல்லாண்டுகள் அமைதியாக இருந்திருக்கிறார்.

பத்து ஆண்டுகளுக்கு முன் ரோஸ்மேரி என்ற பெண் அவரிடம் பயிற்சி பெற்றாள். ஐந்து வாரங்களிலேயே தாங்க முடியாமல் விடுவிப்புக் கோரி, ஊசியைத் தன் கையாலேயே போட்டுக்கொண்டாள். அவள் பெற்றிருந்த நினைவுகள் மக்களிடம் திரும்பி ஊரே நிலைகுலைந்தது. அவள் தன் மகள் என்பதை அவர் மிகவும் பிந்திச் சொல்கிறார். மகளை இழந்த பிறகும் பத்தாண்டுகள் பொறுத்திருந்தவர், ஜோனாஸ் வந்த பிறகுதான் திட்டம் தீட்டுகிறார். ஊரைவிட்டுப் போகும் ஆபத்தையும் சிறுவன் தலையிலேயே வைக்கிறார். நினைவுகள் திரும்பும்போது மக்களுக்குத் துணையாகத் தாம் அங்கேயே தங்கவேண்டும் என்ற அவர் காரணம் நியாயமானதுதான். ஆனாலும் அறிந்தவரின் மௌனம் அறியாதவரின் செயலைவிட இலேசானதா என்ற கேள்வி எனக்குள் தீரவில்லை.

முடிவில் ஜோனாஸ் உயிரோடு இருக்கிறானா, இறந்துவிடுகிறானா?

கேப்ரியலையும் விடுவிக்க முடிவாகிவிட்டது என்று இரவு உணவின்போது தெரிந்ததும், ஜோனாஸ் திட்டமிட்ட நாளுக்கு முன்பே குழந்தையோடு மிதிவண்டியில் தப்பிக்கிறான். உடல் வெப்பத்தைக் கொண்டு தேடும் விமானங்களிடமிருந்து, பனியின் நினைவை வரவழைத்து இருவர் உடலையும் குளிரச் செய்து மறைகிறான். பசியும் குளிரும் வதைக்க, கடைசியில் ஒரு பனிக்குன்றின் உச்சியில், அவனுக்கு முதன்முதலில் கிடைத்த நினைவில் இருந்ததைப் போன்ற சறுக்குவண்டி காத்திருக்கிறது. கீழே விளக்குகள், பாட்டு. தான் விட்டுவந்த ஊரிலிருந்தும் பாட்டுக் கேட்பதாகத் தோன்றுகிறது. அது எதிரொலியாகவும் இருக்கலாம் என்று நூல் முடிகிறது.

குளிரில் உறையும் மூளையின் கடைசிக் கனவு என்று படிப்பவர்களுக்கு அந்தச் சறுக்குவண்டியே சாட்சி. நினைவில் இருந்த பொருள் நிஜத்தில் எப்படி வந்தது? பிழைத்துக்கொண்டான் என்பவர்களுக்குப் பின்வந்த நூல்கள் சாட்சி: 2004இல் வெளியான 'மெசஞ்சர்' நாவலில் அவன் வளர்ந்த மனிதனாக, ஓர் ஊரின் தலைவனாக வருகிறான். வரலாற்றளவில் அந்தப் பதில் உறுதியானது. ஆனால் 1993இல் இதை மட்டும் கையில் வைத்திருந்த வாசகருக்கு அந்த உறுதி இல்லை, இந்த நூலுக்கு அது தேவையும் இல்லை. தனி நூலாகப் படிக்கும்போது இருபொருள்படும் முடிவே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எல்லாவற்றுக்கும் உறுதியான பதில் வைத்திருந்த ஊரிலிருந்துதானே அவன் ஓடிவந்தான்.

நூலில் குறைகளே இல்லையா?

உண்டு. ஆஷரும் ஃபியோனாவும் தொடக்கத்தில் உயிரோடு வந்துவிட்டு, பயிற்சி தொடங்கியதும் நிழல்களாகிவிடுகிறார்கள். ஜோனாஸின் தாய் நீதித்துறையில் பணிபுரிபவர். அந்த வேலையின் உள்ளே எத்தனையோ கதைகள் கிடந்தும் ஆசிரியர் கைவைக்கவில்லை. தப்பிச் செல்லும் பயணம் சில அத்தியாயங்களில் அவசரமாகக் கடந்துபோகிறது. நினைவுகளில் வரும் மகிழ்ச்சிகள், குறிப்பாகத் தாத்தா பாட்டியோடு கொண்டாடும் கிறிஸ்துமஸ் காட்சி, ஒரு குறிப்பிட்ட பண்பாட்டின் அஞ்சலட்டைப் படங்களாகவே இருக்கின்றன. மனிதகுலம் முழுமைக்குமான நினைவகம் என்றால் இன்னும் அகலமாக இருந்திருக்க வேண்டாமா?

ஆசிரியரின் வாழ்க்கைக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நியூபெரி ஏற்புரையில் அவரே விரிவாகச் சொல்லியிருக்கிறார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 11 வயதுச் சிறுமியாக, டோக்கியோவில் வேலிகட்டிய அமெரிக்கக் குடியிருப்பில் வாழ்ந்தார். அங்கே அமெரிக்க வீடுகள், அமெரிக்கப் பள்ளி, அமெரிக்கத் திரையரங்கு. சிறுமி லவ்ரி வாயிலைத் தாண்டி மிதிவண்டியில் ஷிபுயா பகுதிக்குத் தனியே போய், சத்தமும் மணமும் நிறைந்த வேறோர் உலகத்தைப் பார்த்துவந்தார். ஏன் அந்த வேலிக்குள் வாழ்ந்தோம் என்று பின்னாளில் தாயிடம் கேட்டபோது, அது வசதியாக, பழக்கப்பட்டதாக, பாதுகாப்பாக இருந்தது என்ற பொருளில் பதில் வந்ததாம்.

இன்னொன்று, நினைவிழந்துவந்த அவருடைய முதிய தந்தை. இளவயதில் இறந்துபோன மூத்த மகளின் படத்தைப் பார்த்து, அவளுக்கு என்ன ஆயிற்று என்று தந்தை கேட்டார். அவள் இறந்ததே அவர் நினைவில் இல்லை. துயரம் மறந்துபோவது ஒருவகையில் நிம்மதிதானே என்ற எண்ணம் அங்கே பிறந்திருக்கக்கூடும். நாவல் அந்த எண்ணத்தை எளிதாகப் புறந்தள்ளாமல் நெடுந்தூரம் கூடவே அழைத்துச் செல்வதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

சிறுவர்கள் படிக்கலாமா? தடை கோரப்பட்ட நூல் என்கிறார்களே?

1990களில் அதிக எதிர்ப்புக்கு உள்ளான நூல்கள் என அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்த பட்டியலில் இது இடம்பெற்றது. குழந்தைக் கொலை, தற்கொலை, பருவ உணர்ச்சி பற்றிய குறிப்பு ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. இவை நூலில் இருப்பது உண்மை. ரசித்து எழுதப்படவில்லை என்பதும் உண்மை. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர் படிக்கலாம். ஊசிபோடும் காட்சியைப் படித்த அன்று பேசுவதற்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

2014இல் வந்த திரைப்படம் நூலுக்கு ஈடாகுமா?

பிலிப் நாய்ஸ் இயக்கத்தில் ஜெஃப் பிரிட்ஜஸ் அளிப்பவராகவும் மெரில் ஸ்ட்ரீப் தலைமை மூத்தவராகவும் நடித்த படம் அது. கறுப்பு வெள்ளையில் தொடங்கி மெல்ல நிறமேறுவது அழகு. ஆனால் நூல் மறைத்துவைத்ததை முதல் காட்சியிலேயே சொல்லிவிடுகிறது. ஜோனாஸின் வயதைக் கூட்டிக் காதலைச் சேர்த்ததும், தலைமை மூத்தவரை எதிரியாக்கியதும் கதையின் முதுகெலும்பையே மாற்றிவிட்டன. பார்ப்பதென்றால் படித்த பிறகு பாருங்கள்.

தொடர்ந்து வந்த நூல்களையும் படிக்க வேண்டுமா? எந்த வரிசையில்?

'கேதரிங் புளூ' (2000), 'மெசஞ்சர்' (2004), 'சன்' (2012) என்று வெளிவந்த வரிசையிலேயே படிக்கலாம். இரண்டாவது நூலில் ஊரும் மாந்தரும் வேறு. ஜோனாஸைத் தேடிப் போகிறவர்கள் பொறுமையிழப்பார்கள். இந்த மூன்றில் ஒன்றை மட்டும் சேர்த்துப் படிக்க நேரமிருந்தால் 'சன்' என்பேன். கேப்ரியலைப் பெற்ற கிளேர் என்ற இளம்பெண்ணின் வழியே அதே ஊரை, அதே காலத்தில், மறுபுறத்திலிருந்து அதன் முதல் பகுதி காட்டுகிறது. மாத்திரை தரப்படாததால், தான் பெற்ற குழந்தையின்மேல் அன்புகொண்டுவிடுகிறவள் அவள். பிற்பகுதி தேவதைக்கதைப் பாணிக்குப் போய்விடுகிறது. அது எனக்கு அவ்வளவாக உவக்கவில்லை.